நாய் குளிப்பாட்ட முதல் ஆளை வேலைக்கு எடுப்பது எப்படி?

குரூமிங் கடை ஆரம்பித்த முதல் வருடம் எல்லா வேலையையும் நானே செய்தேன். காலையில் குளிப்பாட்டுவேன், மதியம் முடி வெட்டுவேன், சாயங்காலம் தரை கழுவுவேன், ராத்திரி கணக்கு எழுதுவேன். கோவையில் ஒரு தொட்டி, ஒரு மேஜை, முடி காயவைக்க ஒரு ப்ளோயர் வைத்த சின்னக் கடை. முதல் ஆளை எடுத்தபோது நான் பார்த்தது ஒன்றைத்தான்: முப்பது கிலோ லாப்ரடாரைத் தொட்டிக்குள் தூக்கி வைக்கப் பலம் இருக்கிறதா? அந்தக் கேள்வி போதாது என்று புரிவதற்குள் மூன்று ஆட்கள் வந்து போய்விட்டார்கள்.

கடைக்கு வருகிற நாயை மூக்கிலிருந்து வால்வரை விரல் விட்டுத் தொடுகிறவர் குளிப்பாட்டுகிறவர்தான். வீட்டுக்காரர் தலையைத் தடவுவார், அக்குளைத் தொட்டுப் பார்க்க மாட்டார். கத்தரி பிடிக்கிறவர் கண் முடியின் மேல் இருக்கும். டாக்டரிடம் வருடத்துக்கு இரண்டு தடவை போனாலே பெரிது. காதுக்குள் அடிக்கும் வாடை, விரலிடுக்கில் ஒட்டிய உண்ணி, வயிற்றுப் பக்கம் புதிதாக முளைத்த கட்டி, இவையெல்லாம் முதலில் தட்டுப்படுவது அவர் கையில். அதனால் பார்த்ததைப் பார்த்தபடி நம்மிடம் வந்து சொல்கிற ஆளைத் தேடுங்கள். ஷாம்பு போடுவதையும் துவட்டுவதையும் ஒரு மாதத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம்.

முதலில் வேலையை அளந்து பாருங்கள்

ஆள் தேடும் முன் இரண்டு வாரம் ஒரு நோட்டு வையுங்கள். எந்த நாய், சீவ எவ்வளவு நேரம், குளிக்க எவ்வளவு, காய எவ்வளவு என்று எழுதுங்கள். என் நோட்டில் பக், பீகிள் மாதிரிக் குட்டை முடி நாய்கள் முக்கால் மணி நேரத்துக்குள் முடிந்தன. லாப்ரடார் ஒன்றரை மணி. ஹஸ்கியும் கோல்டன் ரெட்ரீவரும் காய மட்டுமே ஒரு மணி நேரத்தைத் தாண்டும், ஏனென்றால் மேல்முடிக்கு அடியில் பஞ்சு மாதிரி இன்னொரு முடி இருக்கிறது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், அடியில் ஈரம் நிற்கும்.

இந்தக் கணக்கைப் போட்டால் ஒருவர் ஒரு நாளில் ஐந்து, மிஞ்சினால் ஆறு நாய்களைத்தான் ஒழுங்காகக் குளிப்பாட்ட முடியும் என்று தெரியும். எட்டு நாய் எதிர்பார்த்து ஆள் எடுத்தால் காயவைப்பதில்தான் கை வைப்பார்கள். சனி ஞாயிறு மட்டும் கூட்டம், மற்ற நாள் இரண்டு நாய் என்றால் முழுநேர ஆள் வேண்டாம். சனி ஞாயிறுக்கு மட்டும் வருகிற ஆளே போதும்.

எங்கே தேடுவது

"நாய்களை நேசிப்பவர் தேவை" என்று போர்டு வைத்தால் குட்டியோடு விளையாடலாம் என்று நினைக்கிறவர்கள்தான் நிறைய வருவார்கள். செய்யப் போகும் வேலையை அப்படியே எழுதுங்கள்: நாள் முழுக்க நின்றபடி ஈரத்தில் வேலை, பெரிய நாயைத் தூக்க வேண்டும், ப்ளோயர் சத்தம் உண்டு, ஞாயிறு வேலை உண்டு, விடுமுறை செவ்வாய். சம்பளத்தையும் எழுதிவிடுங்கள். போன் குறைவாக வரும், ஆனால் வருகிற போன் உருப்படியாக இருக்கும்.

அந்தத் தாளைப் பக்கத்தில் உள்ள வெட்னரி கிளினிக்கிலும் பெட் ஷாப்பிலும் ஒட்டச் சொல்லிக் கேளுங்கள். கிளினிக் அட்டெண்டர்களிடம் சொல்லி வையுங்கள். தெருநாய்களுக்குச் சோறு வைக்கிறவர்களிடமும் கேளுங்கள். பயந்த நாயை எப்படிக் கிட்டே வரவைப்பது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனக்குக் கிடைத்த நல்ல ஆள் மாடும் ஆடும் வளர்த்த வீட்டிலிருந்து வந்தவர். கார் வாட்டர் வாஷில் இருந்து வருகிறவர்கள் தண்ணீர்க் குழாயில் கெட்டிக்காரர்கள், ஆனால் அந்த வேகத்தைக் குறைக்கப் பழக்க வேண்டும். பதினெட்டு வயது ஆகாதவரை எடுக்காதீர்கள். கடிக்கும் நாயும் வழுக்கும் தரையும் மின்சார ப்ளோயரும் இருக்கிற இடம் இது.

போனில் ஐந்து நிமிடம்

நேரில் வரச் சொல்லும் முன் நான் நாலு விஷயம் கேட்பேன். ஞாயிறு வர முடியுமா? ஆஸ்துமா, தோல் அலர்ஜி, இடுப்பு வலி ஏதாவது இருக்கிறதா? தினமும் ஷாம்புத் தண்ணீரிலும் முடித் தூசியிலும் நிற்கப் போகிறவரிடம் இதை முதலிலேயே பேசிவிடுவது இருவருக்கும் நல்லது. இதுவரை வீட்டில் என்ன வளர்த்திருக்கிறீர்கள்? கடைசியாக, நாய் கடித்திருக்கிறதா?

அந்தக் கடைசிக் கேள்விக்கு வருகிற பதிலை நன்றாகக் கேளுங்கள். "என்னை எந்த நாயும் கடிக்காது" என்று சொன்ன ஒருவரை எடுத்தேன், உறுமுகிற நாயின் முகத்துக்கு நேரே கை நீட்டினார். "அது சாப்பிட்டுட்டு இருந்துச்சுங்க்கா, நான்தான் தட்டை இழுத்தேன், அதான் கடிச்சிருச்சு" என்று இன்னொருவர் சொன்னார். நாய் ஏன் கடித்தது என்று யோசித்திருக்கிறார், பழியை அதன் மேல் போடவில்லை. அவரை மறுநாளே வரச் சொன்னேன். "அப்புறம் நாலு அடி போட்டேன், சரியாயிருச்சு" என்று யாராவது சொன்னால் அத்தோடு நன்றி சொல்லி வைத்துவிடுங்கள்.

சோதனை நாள்

பேட்டியில் உட்கார்ந்து பேசி இந்த வேலைக்கு ஆள் எடுக்கவே முடியாது. ஒரு நாள் வரச் சொல்லுங்கள். அந்த நாளுக்கான கூலியைக் காலையிலேயே பேசி, எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் சாயங்காலம் கையில் கொடுத்துவிடுங்கள். வாடிக்கையாளர் நாயில் சோதனை வேண்டாம். உங்கள் நாய் அல்லது நண்பர் வீட்டுச் சாது நாய் போதும்.

எங்கள் வீட்டில் செவலை என்று ஒன்பது வயது லாப்ரடார் இருக்கிறது. அதன் இடது விலாவில் எலுமிச்சை அளவு ஒரு கொழுப்புக் கட்டி. டாக்டர் பார்த்து, பயமில்லை, விட்டுவிடலாம் என்று சொன்னது. வருகிறவரிடம் அந்தக் கட்டியைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். செவலையைக் குளிப்பாட்டிக் காயவைத்துக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, கண்ணில் படாமல் தள்ளி நிற்பேன்.

முதலில் பார்ப்பது, கிட்டே போகிற விதம். நேரே வந்து மேலே குனிந்து தலையைத் தட்டுகிறவர் உண்டு. பக்கவாட்டில் குந்தி உட்கார்ந்து, கையை மோந்து பார்க்க விட்டு, அப்புறம் தாடைக்கு அடியில் தடவுகிறவரும் உண்டு. இரண்டாமவருக்கு என் நோட்டில் ஒரு டிக். நாய் உதட்டை நக்கினாலோ, காரணமில்லாமல் கொட்டாவி விட்டாலோ, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்த்தாலோ கொஞ்சம் நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். வால் ஆடுகிறது என்பதற்காக நாய் சந்தோஷமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உடம்பு விறைத்து வால் மட்டும் ஆடினால் ஜாக்கிரதை.

அடுத்தது தண்ணீர். நாய் மேல் ஊற்றும் முன் தன் முன்கையில் ஊற்றிப் பார்க்கிறாரா? வெதுவெதுப்பு போதும். நமக்கு இதமான சூடு அதற்கு அதிகம். குழாயை எட்ட நின்று பீய்ச்சினால் நாய் மிரளும், முனையை உடம்போடு ஒட்டிப் பிடித்தால் சத்தமும் குறையும், தண்ணீர் அடிமுடிக்கும் போகும். கால், முதுகு என்று தொடங்கி முகத்தைக் கடைசியில் துணியால் துடைப்பது நல்ல பழக்கம். தலை நனைந்ததும் நாய் உடம்பை உதறும், அப்புறம் அதை நிறுத்தி வைப்பது கஷ்டம். இதெல்லாம் தெரியாமல் செய்தால் தப்பில்லை. ஒரு தடவை சொன்னதும் மாற்றிக்கொள்கிறாரா என்பதுதான் முக்கியம்.

அலசுவதில் அவசரம் தெரிந்துவிடும். நுரை போட்ட நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் அலச வேண்டும். அக்குள், தொடையிடுக்கு, விரலிடுக்கு மூன்றிலும் நீங்களே விரல் விட்டுப் பாருங்கள். வழுவழுப்பு இருந்தால் ஷாம்பு நிற்கிறது, நாய் இரண்டு நாள் சொறிந்துகொண்டே இருக்கும்.

கடைசியில் கேளுங்கள், "நாய் எப்படி இருக்கு?" செவலையைக் குளிப்பாட்டிய பலர் "சூப்பருங்க்கா, பளபளன்னு ஆயிருச்சு" என்பார்கள். மாடு வளர்த்த வீட்டிலிருந்து வந்த அந்தப் பெண் துண்டை மடித்துக்கொண்டே சொன்னார்: "இடது பக்கம் ஒரு கட்டி இருக்குதுங்க்கா. அமுக்கினா வலிக்கல போல, நகருது. வலது காதுல லேசா வாடை வருது. அப்புறம், பின்னங்கால் தேய்க்கும்போது என் நகம் பட்டுருச்சு, பாருங்க, ரத்தம் வரல." கட்டி எனக்குத் தெரியும். காது எனக்கே தெரியாது. அன்று சாயங்காலம் டாக்டரிடம் கொண்டுபோனால், காதில் பூஞ்சை ஆரம்பித்திருந்தது. தன் நகம் பட்டதையும் சேர்த்துச் சொன்னார் பாருங்கள், அதற்காகவே அவரை எடுத்தேன். மூன்று வருடமாக எங்களோடு இருக்கிறார்.

உங்கள் நாய்க்கு இப்படிக் கட்டி ஒன்றும் இல்லையென்றால், முடிக்குள் சின்ன ரப்பர் பேண்டு ஒன்றை இறுக்காமல் முடிந்து விடுங்கள். கை வேலை எப்படி என்று தெரிந்துவிடும். சோதனை முடிந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

வாடிக்கையாளர் நாயைத் தொடும் முன் ஊசி

இதில் சமரசமே கூடாது. ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் கிட்டத்தட்ட யாரும் பிழைப்பதில்லை. கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் தடுப்பூசி உண்டு. நம் நாட்டில் வழக்கமாக மூன்று ஊசி: முதல் நாள், 7ஆம் நாள், பிறகு 21 அல்லது 28ஆம் நாள். செலவு கடையுடையது. டெட்டனஸ் ஊசி எப்போது போட்டார் என்றும் கேளுங்கள். மூன்று ஊசி முடியும்வரை துண்டு துவைப்பது, ஷாம்பு கலப்பது, பக்கத்தில் நின்று பார்ப்பது என்று வேலை கொடுக்கலாம். கற்றுக்கொள்ள அந்த மாதம் சரியாக இருக்கும்.

ஊசி போட்டவருக்கும் கடி பட்டால் வைத்தியம் உண்டு. ஓடுகிற தண்ணீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதுவும் வைக்கக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். முன்பே மூன்றும் போட்டிருந்தால் அன்று ஒன்று, 3ஆம் நாள் ஒன்று என இரண்டு ஊசியோடு முடியும். அரசு மருத்துவமனைகளில் இந்த ஊசி இலவசம். இதைப் பெரிய எழுத்தில் எழுதித் தொட்டிக்கு மேல் ஒட்டுங்கள். வருகிற ஒவ்வொரு நாயின் தடுப்பூசிப் புத்தகத்தையும் வாசலிலேயே பார்த்துவிடுவது உங்கள் பொறுப்பு. அதை அவர் தலையில் கட்டாதீர்கள்.

கையுறையும் ரப்பர் பூட்ஸும் வாங்கிக் கொடுங்கள். எலிக் காய்ச்சல் என்று சொல்லும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயின் சிறுநீர் வழியாகவும் பரவும், ஈரத்தில் ஊறிய காலில் சின்ன வெடிப்பு இருந்தாலே போதும். ப்ளோயர் சத்தத்துக்குக் காதுமூடி வேண்டும். இன்னொன்று பலருக்குத் தெரியாது: லாப்ரடார் மாதிரிக் குட்டையான முரட்டு முடி ஈரத்தில் ஊறிய விரலிடுக்கில் முள் மாதிரி ஏறிவிடும். எடுக்காமல் விட்டால் சீழ் பிடிக்கும். தினமும் வேலை முடிந்ததும் கை கழுவி, விரலிடுக்கைப் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டி தரையில் இருந்தால் இடுப்பு உயரத்துக்கு ஏற்றுங்கள், உள்ளே வழுக்காத ரப்பர் பாய் போடுங்கள். பெரிய நாயை எப்போதும் இரண்டு பேர் தூக்குங்கள்.

சம்பளம்

நாய்க்கு இவ்வளவு என்று மட்டும் பேசாதீர்கள். நான் அப்படிப் பேசிக் கெட்டேன். ஒரு கோல்டன் அடிமுடி ஈரத்தோடு வீட்டுக்குப் போனது. இரண்டாம் நாள் கழுத்துக்கடியில் உள்ளங்கை அளவு தோல் வெந்து சலம் வைத்துவிட்டது. சீக்கிரம் முடித்தால்தான் காசு என்று நான் வைத்த கணக்குதான் அதற்குக் காரணம். இப்போது மாதச் சம்பளம், அதற்கு மேல் புகார் இல்லாத மாதத்துக்கு ஒரு தொகை. தொழிலாளர் துறை அறிவித்திருக்கும் குறைந்தபட்ச ஊதியத்தைப் பார்த்து, அதற்கு மேல் கொடுங்கள். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரம் ஒரு நாள் லீவு. நடுவில் உட்கார ஒரு நாற்காலி போடுங்கள், தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் சட்டமே வந்துவிட்டது.

பேசியதைத் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். சம்பளத் தேதி, லீவு, என்னென்ன வேலை, கடிபட்டால் செலவு யாருடையது, நிற்பதானால் எத்தனை நாள் முன்பு சொல்ல வேண்டும். ஆதார் நகல் வாங்கி வையுங்கள். பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா யோஜனாவில் வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் வரை விபத்துக் காப்பீடு உண்டு, அவருடைய பேங்க் கணக்கு வழியாகச் சேர்த்துவிடுங்கள். அது உயிரிழப்புக்கும் ஊனத்துக்கும்தான். கடிக்கான வைத்தியச் செலவைக் கடைதான் பார்க்க வேண்டும்.

முதல் மாதங்களில் சொல்லித்தர வேண்டியவை

குட்டை முடி நாய்களில் தொடங்குங்கள். சிப்பிப்பாறை, கன்னி மாதிரி நம் ஊர் நாய்கள் சீக்கிரம் கழுவி, சீக்கிரம் காயும். ராஜபாளையம் வந்தால் மட்டும் ஒரு விஷயம் சொல்லி வையுங்கள். வெள்ளை முடியான அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத நாய்கள் உண்டு. பின்னாலிருந்து திடீரென்று தொட்டால் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பிக் கவ்விவிடும். எப்போதும் கண்ணில் படும்படி முன்னால் வந்து தொட வேண்டும்.

அடுத்து, சிக்கு முடி. ஷிட்சூ மாதிரி நீளமுடி நாயை நனைக்கும் முன் சீவி, சிக்கை எடுத்துவிட வேண்டும். தண்ணீர் பட்டால் சிக்கு இறுகிப் பாய் மாதிரி ஆகிவிடும், அப்புறம் மிஷின் போட்டு மழிப்பதுதான் வழி. துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்கப் பழக்குங்கள். பக், ஷிட்சூ, புல்டாக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குச் சூடான காற்று ஆகாது. மூச்சு வாங்கினால், நாக்கு கருத்தால் உடனே நிறுத்தி, காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கழுத்தில் கயிறு மாட்டி மேஜையில் நிற்கும் நாயை விட்டு ஓர் அடிகூட நகரக் கூடாது. போன் அடித்தால் அடிக்கட்டும்.

டாக்டர் எழுதிக் கொடுத்த மருந்து ஷாம்பு என்றால் பத்து நிமிடம் உடம்பில் ஊற வேண்டும், அதற்குப் போனில் டைமர் வைக்கச் சொல்லுங்கள். பூனையைக் கடைசியில், மூன்றாம் மாதத்துக்கு மேல் கொடுங்கள். நாய்க்கு வைத்திருக்கும் உண்ணி ஷாம்பு, உண்ணி மருந்து எதையும் பூனை மேல் போடக் கூடாது. பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்தது என்றால் பூனை செத்தே போகலாம். அந்த பாட்டில்களை வேறு அலமாரியில், சிவப்பு டேப் ஒட்டி வைத்திருக்கிறோம்.

அப்புறம் சீட்டு. எங்கள் கடையில் ஒவ்வொரு நாய்க்கும் ஒரு சின்னத் தாள். நாயின் உருவம் வரைந்திருக்கும். கட்டி, காயம், உண்ணி, சொறி எங்கே கண்டாலும் அந்த இடத்தில் வட்டம் போட வேண்டும். என்ன நோய் என்று அவர் சொல்ல வேண்டாம், கண்டதை எழுதினால் போதும். வீட்டுக்காரரிடம் நான் காட்டி, டாக்டரிடம் போகச் சொல்வேன். நம் கையால் ஆன கீறலும் அதே தாளில் வரும். நகம் வெட்டும்போது ரத்தம் வந்தால் அதுவும் வரும். எழுதியதற்காக யாருக்கும் சம்பளத்தில் பிடித்ததில்லை. முதல் தடவை யாராவது தப்பை எழுதிக் கொண்டுவந்து நீட்டும்போது உங்கள் முகம் எப்படி இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் அடுத்த தடவை எழுதுவதா வேண்டாமா என்று அவர் முடிவு செய்வார்.

வேலைக்கு ஒரு மரியாதை

"போயும் போயும் நாய் குளிப்பாட்டுற வேலையா?" என்று வீட்டில் கேட்கிறார்கள் என்று ஒரு பையன் ஒரே வாரத்தில் நின்றுவிட்டான். நல்ல கை அவனுக்கு. இதை நாம்தான் மாற்ற வேண்டும். பேர் போட்ட ஏப்ரன் கொடுங்கள். வாடிக்கையாளரிடம் அறிமுகம் செய்து வையுங்கள். "உங்க நாய் காதுல பிரச்சினை இருக்குன்னு கண்டுபிடிச்சது இவங்கதான்" என்று அவர் இருக்கும்போதே சொல்லுங்கள். யாராவது வாடா போடா என்றால் நீங்கள் குறுக்கே பேசுங்கள். சொந்த வீட்டு வேலையை அவர் தலையில் வைக்காதீர்கள்.

மூன்றாம் மாதம் உட்கார்ந்து பேசுங்கள். எது கஷ்டமாக இருக்கிறது, எந்த நாய்க்குப் பயம், இடுப்பு எப்படி இருக்கிறது. ஆசை இருந்தால் கத்தரியும் கற்றுக்கொடுங்கள், முதலில் பாதத்து முடி, அப்புறம் வால். எங்கள் வீட்டுச் செவலைக்கு இப்போது, மாடு வளர்த்த வீட்டிலிருந்து வந்த அந்தப் பெண்தான் முடி வெட்டுகிறார். அடுத்து வருகிற ஆளைச் சோதிக்கும் நாளில் தள்ளி நின்று பார்ப்பதும் அவர்தான்.